ஒரு கிலோமீட்டர் வட்டம்: மும்பை நடன பார்களின் உரிம வழக்கு

மும்பை வரைபடத்தை மேசையில் விரியுங்கள். ஒரு காம்பஸை எடுத்து, நகரத்தின் ஒவ்வொரு பள்ளிக்கூடத்தையும் கோயிலையும் மசூதியையும் தேவாலயத்தையும் மையமாக வைத்து ஒரு கிலோமீட்டர் ஆரத்தில் வட்டம் போட்டுக்கொண்டே போங்கள். கடைசியில் வட்டம் விழாத இடம் என்று மிஞ்சுவது பெரும்பாலும் கடலாகத்தான் இருக்கும். 2016-ல் மகாராஷ்டிர அரசு நடன பார்களுக்கு, அதாவது குடிக்க வந்தவர்கள் முன் பெண்கள் மேடையேறி ஆடும் பார்களுக்கு, உரிமம் தர எழுதிய நிபந்தனைகளில் ஒன்று இந்த வட்டம்: கல்வி நிலையத்திலிருந்தும் வழிபாட்டுத் தலத்திலிருந்தும் ஒரு கிலோமீட்டருக்குள் நடன பார் இருக்கக் கூடாது. தடை என்ற சொல் அந்த வரியில் இல்லை. தேவைப்படவும் இல்லை.

கேளிக்கைத் தொழிலுக்கான உரிமத்தை எந்தக் காரணத்துக்காக மறுக்கலாம், எந்தக் காரணத்துக்காகப் பறிக்கலாம் என்ற கேள்விக்கு இந்தியாவில் இந்த வழக்கைப்போல நீண்ட பாடம் வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. 2005-ல் தொடங்கி 2019 வரை ஒரே மாநிலம், ஒரே தொழில், அடுத்தடுத்து மூன்று சட்டங்கள். முக்கியமான சுற்று ஒவ்வொன்றிலும் அரசு நீதிமன்றத்தில் சறுக்கியது. ஆனாலும் அந்தப் பதினான்கு ஆண்டுகளில் பெரும்பகுதி நேரம் மேடை விளக்குகள் அணைந்தே கிடந்தன. வழக்கில் தோற்றவர் நடைமுறையில் ஜெயித்தது எப்படி என்பதுதான் இந்த ஆய்வில் நான் பார்க்க விரும்புவது.

2005க்கு முன்

நடன பார் சட்டத்துக்குப் புறம்பாக ஒளிந்து நடந்த தொழில் என்ற எண்ணம் பலருக்கு உண்டு. அது சரியல்ல. உரிமையாளர் ஒருவர் உணவகத்துக்கு ஓர் உரிமம் வாங்க வேண்டும். மது பரிமாற, பம்பாய் மதுவிலக்குச் சட்டத்தின் கீழ் எஃப்.எல்.-3 எனப்படும் பர்மிட் ரூம் உரிமம் வாங்க வேண்டும். அதற்கு மேல், 1951-ஆம் ஆண்டு பம்பாய் காவல் சட்டத்தின் கீழ் 1960-ல் இயற்றப்பட்ட பொதுக் கேளிக்கை விதிகளின்படி இடத்துக்கு ஓர் உரிமம், நிகழ்ச்சிக்கு ஓர் உரிமம். அந்த விதிகளின் நீண்ட தலைப்பில் மேளா, தமாஷா என்ற சொற்களும் இடம்பெற்றிருக்கின்றன. லாவணி என்ற நாட்டுப்புற ஆட்டமும் தமாஷா என்ற கூத்தும் பிறந்த மண்ணில், ஆட்டத்தைக் காவல் துறைக் கோப்புக்குள் கொண்டுவந்த விதிகள் அவை.

உரிமம் கொடுப்பது காவல் துறை. நிபந்தனை மீறினால் நிறுத்திவைப்பதும் ரத்து செய்வதும் அதே துறை. மேடையில் ஆபாசமான அசைவோ சொல்லோ கூடாது என்ற கட்டுப்பாடு அந்த விதிகளிலேயே இருந்தது. 2004 வாக்கில் கட்டுப்பாடுகளை இன்னும் இறுக்கும் யோசனைகள் வந்தன. மேடை பத்துக்குப் பன்னிரண்டு அடிக்குள், மேடையில் எட்டுப் பேருக்கு மேல் கூடாது, மூன்றடி உயரத்தில் கம்பித் தடுப்பு, தடுப்புக்கும் இருக்கைக்கும் இடையே ஐந்தடி. இந்த அளவுகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து இவற்றில் சில உச்ச நீதிமன்றத்தின் வாயிலாகத் திரும்பி வரும்.

ஒரு தொழிலில் தவறு நடக்கிறதென்றால், எந்த பாரில், யார், எந்த நிபந்தனையை மீறினார் என்று பார்த்து அந்த உரிமத்தை ரத்து செய்வதற்கான கருவி 2005-ல் அரசின் கையில் இருந்தது. அரசு அதைக் கீழே வைத்துவிட்டு வேறொன்றை எடுத்தது.

ஒரே வரியில் எல்லா உரிமமும் ரத்து

2005 மார்ச் இறுதியில், அப்போது துணை முதல்வராகவும் உள்துறை அமைச்சராகவும் இருந்த ஆர்.ஆர். பாட்டீல் நடன பார்களை மூடப்போவதாகச் சட்டமன்றத்தில் அறிவித்தார். முதலில் அவசரச் சட்டமாகக் கொண்டுவரப் பார்த்தார்கள், ஆளுநர் எஸ்.எம். கிருஷ்ணா கையெழுத்திடவில்லை. பிறகு மசோதாவாக வந்து ஜூலையில் நிறைவேறி, ஆகஸ்ட் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பம்பாய் காவல் சட்டத்தில் 33-ஏ, 33-பி என்று இரண்டு புதிய பிரிவுகள்.

33-ஏ சொன்னது: உணவகம், பர்மிட் ரூம், பீர் பார் எதிலும் எந்த வகை நடனமும் கூடாது; அவற்றுக்கு ஏற்கெனவே வழங்கப்பட்ட நிகழ்ச்சி உரிமங்கள் யாவும் ரத்தாகிவிட்டதாகக் கொள்ளப்படும். மீறினால் மூன்று ஆண்டு வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம். நோட்டீஸ் இல்லை, விசாரணை இல்லை, யார் என்ன தவறு செய்தார் என்ற கேள்வியே இல்லை. ஒழுங்காக நடத்தியவரும் ஒழுங்கில்லாமல் நடத்தியவரும் ஒரே காலையில் உரிமம் இழந்தார்கள்.

33-பி இன்னும் சுவாரசியமானது. நாடக அரங்கு, திரையரங்கு, கலையரங்கு ஆகியவற்றுக்கு விலக்கு. உறுப்பினர் மட்டும் நுழையும் விளையாட்டு கிளப்புகளுக்கும் ஜிம்கானாக்களுக்கும் விலக்கு. மூன்று நட்சத்திரமும் அதற்கு மேலும் உள்ள ஹோட்டல்களுக்கும் விலக்கு. அதாவது ஒரே பாட்டு, ஒரே ஆட்டம், ஒரே உடை. பார்ப்பவர் தெருமுனை பர்மிட் ரூமில் உட்கார்ந்திருந்தால் குற்றம், நட்சத்திர ஹோட்டலில் உட்கார்ந்திருந்தால் கலை.

அரசு சொன்ன காரணங்களை எளிதில் ஒதுக்கிவிடக் கூடாது. பெண்கள் சுரண்டப்படுகிறார்கள், வேறு மாநிலங்களிலிருந்து கடத்திக் கொண்டுவரப்படுகிறார்கள், சிறுமிகளும் மேடையேறுகிறார்கள், பார்களைச் சுற்றிக் குற்றவாளிகள் கூடுகிறார்கள், குடும்பத் தலைவர்கள் சம்பளத்தை இறைத்துவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறார்கள் என்றெல்லாம் அரசு வாதிட்டது. இவற்றில் எதுவும் முழுக் கற்பனை அல்ல. ஆனால் உரிமத்தைப் பறிக்க ஒரு காரணம் சொன்னால் அந்தக் காரணத்துக்கு ஆதாரம் வேண்டும். பறிப்பதால் அந்தத் தீமை குறையவும் வேண்டும். வழக்கு உடைந்தது இங்கேதான்.

உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம், நடுவில் ஏழு ஆண்டுகள்

வழக்குத் தொடுத்தவர்களில் இரண்டு தரப்பு இருந்தது. ஒன்று, மும்பையில் ‘ஆஹார்’ என்று அறியப்படும் இந்தியன் ஹோட்டல் அண்ட் ரெஸ்டாரன்ட் அசோசியேஷன். மற்றொன்று, ஆடிய பெண்களின் சங்கமான பாரதீய பார் கேர்ள்ஸ் யூனியன். முதலாளிக்குத் தன் முதலீட்டின் கவலை, ஆடியவருக்கு அன்றாடச் சோற்றின் கவலை. இரண்டும் ஒன்றல்ல என்றாலும் இந்த வழக்கில் ஒரே பக்கம் நின்றன.

2006 ஏப்ரல் 12 அன்று பம்பாய் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி எஃப்.ஐ. ரெபெல்லோ, நீதிபதி ரோஷன் தால்வி அமர்வு இரண்டு பிரிவுகளையும் செல்லாது என்றது. சமத்துவத்துக்கான அரசியல் சாசனத்தின் 14-ஆம் பிரிவும், தொழில் செய்யும் உரிமைக்கான 19(1)(ஜி) பிரிவும் மீறப்பட்டதாகத் தீர்ப்பு. அரசு மேல்முறையீட்டுக்குப் போனது. தீர்ப்பு நடைமுறைக்கு வராமல் நிறுத்திவைக்கப்பட்டது. செல்லாது என்று உயர் நீதிமன்றம் சொன்ன சட்டம், 2013 வரை செல்லுபடியாகிக்கொண்டே இருந்தது. பின்னால் வந்ததெல்லாம் இந்த முதல் பாடத்தின் மறுபதிப்புதான்: உரிம வழக்கில் காலம் யார் பக்கம் இருக்கிறதோ அவர்தான் பாதி ஜெயித்தவர்.

2013 ஜூலை 16 அன்று உச்ச நீதிமன்றம் உயர் நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. தலைமை நீதிபதி அல்தமஸ் கபீர் ஓய்வுபெற இரண்டு நாள்தான் இருந்தது. அவரோடு அமர்ந்து தீர்ப்பை எழுதியவர் நீதிபதி எஸ்.எஸ். நிஜ்ஜார். பார்வையாளர் எந்த வர்க்கம் என்பதை வைத்து அவருடைய ஒழுக்கத்தை அளக்க நீதிமன்றத்தின் மனச்சாட்சி இடம் தராது என்று அவர் எழுதினார். நட்சத்திர ஹோட்டல் விலக்கு அந்த ஒரு வாக்கியத்தில் ஆட்டம் கண்டது.

ஆதாரம் என்ற இடத்தில் தீர்ப்பு இன்னும் கறாராக இருந்தது. எஸ்.என்.டி.டி. பெண்கள் பல்கலைக்கழகத்தின் ஆய்வு, டாடா சமூக அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ‘பிரயாஸ்’ அமைப்பின் ஆய்வு முதலியவை நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட்டன. கடத்தலும் கட்டாயமும்தான் இந்தத் தொழிலின் அடிப்படை என்று நிறுவ அரசு காட்டிய சான்றுகள் போதவில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆடியவர்களில் பலர் குடும்பத்தின் சோற்றுக்கு வழி தேடி, தெரிந்தே இந்த வேலைக்கு வந்தவர்கள். சிலர் தலைமுறை தலைமுறையாக ஆட்டத்தையே தொழிலாகக் கொண்ட வடஇந்தியச் சமூகங்களைச் சேர்ந்தவர்கள். தடையால் எழுபத்தைந்தாயிரம் பெண்கள் வேலையிழந்ததாகச் சொல்லப்பட்டது. அவர்களில் பலர் வேறு வழியின்றிப் பாலியல் தொழிலுக்குத் தள்ளப்பட்டதையும் தீர்ப்பு குறிப்பிட்டது. பெண்களைக் காக்கிறேன் என்று கிளம்பிய சட்டம், எதிலிருந்து காப்பதாகச் சொன்னதோ அதிலேயே அவர்களைக் கொண்டுபோய் விட்டது. நோயைவிட மருந்து கொடியது என்று நிஜ்ஜார் எழுதியது இதைத்தான். நம் ஊரில் மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தியவன் கதை என்போம்.

தடைக்குப் பதில் என்ன செய்யலாம் என்பதையும் தீர்ப்பு சொன்னது. இருக்கிற விதிகளை ஒழுங்காக நடைமுறைப்படுத்துங்கள், அந்தப் பெண்களின் பாதுகாப்பையும் வேலைச் சூழலையும் மேம்படுத்துங்கள் என்றது.

சாமி வரம் கொடுத்தாலும்

அரசு அந்தத் தீர்ப்பிலிருந்து ஒரு பாடம் கற்றது. நீதிமன்றம் கற்பிக்க நினைத்த பாடம் அதுவல்ல. பாகுபாடு காட்டியதால்தானே தோற்றோம், பாகுபாட்டை எடுத்துவிடுவோம் என்று 2014 ஜூனில் விலக்குப் பிரிவை நீக்கி, நட்சத்திர ஹோட்டல் உட்பட எல்லாருக்கும் தடை என்று சட்டத்தைத் திருத்தினார்கள். எதிர்ப்புக் குரல் எந்தக் கட்சியிலிருந்தும் எழவில்லை. சில மாதங்களில் ஆட்சி மாறியது, முதல்வர் மாறினார். நடன பார் பற்றிய பார்வை மட்டும் மாறவில்லை. மகாராஷ்டிர அரசியலில் இப்படி எல்லாக் கட்சிகளும் ஒரே குரலில் பேசும் விஷயங்கள் அதிகமில்லை.

2015 அக்டோபர் 15 அன்று நீதிபதி தீபக் மிஸ்ரா, நீதிபதி பிரஃபுல்ல சி. பந்த் அமர்வு இந்தத் திருத்தத்துக்கு இடைக்காலத் தடை விதித்தது. 2013-ல் செல்லாது என்று சொன்னதையே வேறு சட்டை போட்டுக் கொண்டுவந்திருக்கிறீர்கள் என்பது சாரம். ஆபாசம் கூடாது, அதைக் கண்காணிக்க உரிம அதிகாரிக்கு அதிகாரம் உண்டு என்றும் அந்த உத்தரவு சொன்னது.

இனி உரிமம் கொடுத்தாக வேண்டும். இங்கேதான் சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்காத படலம் தொடங்குகிறது. விண்ணப்பங்கள் காத்திருந்தன. பிறகு காவல் துறை ஒரு நிபந்தனைப் பட்டியலை நீட்டியது: மொத்தம் இருபத்தாறு. அவற்றில் ஒன்று, பாருக்குள் கேமரா வைத்து அதன் நேரலையைக் காவல் கட்டுப்பாட்டு அறைக்கு அனுப்ப வேண்டும் என்பது. மாலையில் நண்பர்களோடு பீர் குடிக்கப் போகிறவர் போலீஸ் திரையில் தெரிவார் என்றால் யார் உள்ளே நுழைவார்? உரிமத்தை மறுக்காமலே வாடிக்கையாளரை மறுக்கும் வழி அது. 2016 மார்ச் 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை நீக்கி, கேமராவை நுழைவாயிலோடு நிறுத்தியது. மேடைக்கும் பார்வையாளருக்கும் நடுவே மறைப்பு எழுப்பச் சொன்ன நிபந்தனையை மாற்றி, மூன்றடி உயரக் கம்பித் தடுப்பு, அதற்கும் இருக்கைக்கும் ஐந்தடி இடைவெளி என்று வைத்தது. 2004-ன் அளவுகள் திரும்பி வந்துவிட்டன. இந்த ஐந்தடியை ஒழுங்காக அமல்படுத்தியிருந்தால் இத்தனை ஆண்டு வழக்குக்கு அவசியமிருந்திருக்குமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

அடுத்த மாதமே புதுச் சட்டம் வந்தது. ஹோட்டல், உணவகம், பார் அறைகளில் ஆபாச நடனத்தைத் தடுத்து, அங்கே பணியாற்றும் பெண்களின் கண்ணியத்தைக் காக்கும் சட்டம் என்று நீண்ட பெயர். பெயரில் இப்போது ‘நடனத் தடை’ இல்லை, ‘ஆபாச நடனத் தடை’. அதுவும் 2005-ஐப் பார்க்க முன்னேற்றம்தான். தெருவில் பிச்சை எடுப்பதைவிட ஆடிப் பிழைப்பது மேல் என்று நீதிபதி மிஸ்ரா நீதிமன்றத்தில் சொன்னதும் அதே ஏப்ரலில்தான்.

மறுப்புக்கான காரணங்கள், ஒவ்வொன்றாக

2016 சட்டமும் அதன் விதிகளும் எதிர்த்து வழக்காடப்பட்டு, 2019 ஜனவரி 17 அன்று நீதிபதி ஏ.கே. சிக்ரி, நீதிபதி அசோக் பூஷண் அமர்வின் தீர்ப்பு வந்தது. சட்டத்தை ஒட்டுமொத்தமாகத் தூக்கியெறியாமல், ஒவ்வொரு நிபந்தனையாக எடுத்து வைத்து அளந்த தீர்ப்பு இது. உரிமம் பற்றி எழுதுகிறவர்கள் படிக்க வேண்டியது இதைத்தான்.

ஒரு கிலோமீட்டர் வட்டம் முதலில் விழுந்தது. மும்பையில் அதை நிறைவேற்றவே முடியாது. நிறைவேற்ற முடியாத நிபந்தனை தடைக்குச் சமம். தூரம் வைப்பதே தவறு என்று நீதிமன்றம் சொல்லவில்லை. நடைமுறைக்கு ஒத்துவரும் தூரத்தை வைத்துக்கொள்ளலாம் என்று கதவைத் திறந்தே விட்டது.

அடுத்தது நன்னடத்தை. விண்ணப்பதாரர் நல்ல குணமும் நல்ல பின்னணியும் உடையவராக இருக்க வேண்டும், கடந்த பத்து ஆண்டுகளில் குற்றப் பதிவு இருக்கக் கூடாது என்றது விதி. கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நல்ல குணம் என்றால் என்ன, அதை யார் சான்றளிப்பது? குற்றப் பதிவு என்றால் தண்டனை பெற்றதா, வழக்குப் பதிவானாலே போதுமா? பக்கத்து வீட்டுச் சண்டையில் பதிவான வழக்கும் கணக்கில் வருமா? பொருள் வரையறுக்காத சொல்லை வைத்து உரிமத்தை மறுத்தால், மறுப்பது அதிகாரியின் விருப்பமே தவிரச் சட்டம் அல்ல. தெளிவில்லாத இந்த விதியும் ரத்தானது.

நடனம் நடக்கும் இடத்தில் மது கூடாது என்ற நிபந்தனைக்கு நீதிமன்றம் காட்டிய கோபம் கொஞ்சம் கூடுதல். மது உரிமம் அரசே கொடுத்தது. நடன உரிமமும் அரசே கொடுப்பது. இரண்டையும் வைத்திருப்பவரிடம், இரண்டையும் ஒரே இடத்தில் நடத்தாதே என்பது அளவுக்கு மீறியது. இதற்குள் ஒழுக்கப் போதனையின் வாடை அடிக்கிறது என்பது நீதிமன்றத்தின் பார்வை. மது அறையையும் நடன மேடையையும் சுவரெழுப்பிப் பிரிக்கச் சொன்னதும், நடன உரிமம் உள்ள இடத்துக்கு டிஸ்கோதே, ஆர்கெஸ்ட்ரா உரிமங்களை மறுத்ததும் இதோடு சேர்ந்து போயின.

கேமரா பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2016 மார்ச்சில் வாசலோடு நிறுத்தப்பட்டது, விதிகளின் வழியாக மீண்டும் உள்ளே வந்திருந்தது. இடையில், 2017 ஆகஸ்டில், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒன்பது நீதிபதிகள் அமர்வு தீர்ப்பளித்திருந்தது. கேமரா மறுபடி வெளியேறியது.

ஊதியம் தொடர்பான நிபந்தனையில்தான் நீதிமன்றம் உண்மையிலேயே நுட்பமாக நடந்துகொண்டது. ஆடும் பெண்களை எழுத்து ஒப்பந்தத்தின் பேரில் அமர்த்த வேண்டும், பணத்தை வங்கிக் கணக்கில் போட வேண்டும் என்பதை ஏற்றுக்கொண்டது. சுரண்டலைத் தடுப்பதே நோக்கம் என்றால் இது அந்த நோக்கத்துக்கு நேராகப் போகிறது. ஆனால் மாதச் சம்பளத்துக்குத்தான் அமர்த்த வேண்டும் என்பதை ஏற்கவில்லை. ஒரு பெண் ஒரே முதலாளியிடம் கட்டுப்படாமல் இரண்டு மூன்று இடங்களில் ஆட விரும்பலாமே. மேடை மீது ரூபாய் நோட்டு வீசுவது கூடாது என்பது சரி. அன்பளிப்பைக் கையில் கொடுக்கக் கூடாது, பில்லில் சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும் என்பது சரியல்ல. பில்லில் சேர்ந்த பணம் யார் பைக்குப் போகும் என்பது உணவகத்தில் வேலை பார்த்த எவருக்கும் தெரியும். நேரக் கட்டுப்பாடும், மாலை 6 மணி முதல் இரவு 11.30 வரை, அப்படியே நின்றது.

எனக்கு உடன்பாடில்லாத இடம் ஒன்று உண்டு. ‘ஆபாச நடனம்’ என்பதன் வரையறையை நீதிமன்றம் தெளிவானது என்று ஏற்றுக்கொண்டது. அதில் நிர்வாணம் போன்ற கண்ணுக்குத் தெரியும் அடையாளங்களும் உண்டு; பார்வையாளரின் காம இச்சையைத் தூண்டும் நோக்கில் அமைந்த நடனம் என்ற பகுதியும் உண்டு. நல்ல குணம் என்பது தெளிவற்ற சொல் என்றால், இச்சையைத் தூண்டும் நோக்கம் என்பது எந்த வகையில் தெளிவு? இடுப்பின் எந்தக் கோணத்தில் கலை முடிந்து ஆபாசம் தொடங்குகிறது என்பதை அன்றிரவு சோதனைக்கு வரும் ஆய்வாளர்தான் சொல்லப்போகிறார். அந்த வரையறையின்படி குற்றம் நிரூபணமானால் மூன்று ஆண்டு வரை சிறை, பத்து லட்சம் வரை அபராதம். வாசலில் மறுக்க முடியாததைப் பின்கட்டு வழியாகப் பறிக்க இந்த ஒரு வரி போதும்.

தீர்ப்பில் நாளிதழ்கள் பெரிதாகப் போட்டது வேறொன்றை. 2005-லிருந்து ஒருவருக்குக்கூட உரிமம் தரவில்லையே, இப்படிச் செய்ய முடியாது என்று நீதிபதிகள் கடிந்துகொண்டதைத்தான் தலைப்பாக்கினார்கள். கட்டுப்படுத்தலாம், ஒரேயடியாகத் தடுக்க முடியாது. ஒழுக்கம் பற்றிய தன் கருத்தை அரசு சமூகத்தின் மீது திணிக்க முடியாது என்பது தீர்ப்பின் உள்ளோட்டம்.

டல்லாஸ் கேட்ட கேள்வி

இதே சிக்கலை அமெரிக்கா வேறு கோணத்தில் சந்தித்திருக்கிறது. டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகர மன்றம் 1986-ல், வயது வந்தோருக்கான புத்தகக் கடை, வீடியோ கடை, கேபரே, திரையரங்கு போன்றவற்றுக்கு உரிமம் கட்டாயம் என்று சட்டம் போட்டது. காவல் துறைத் தலைவர் முப்பது நாளுக்குள் உரிமம் தர வேண்டும். ஆனால் சுகாதாரம், தீயணைப்பு, கட்டடம் ஆகிய துறைகள் இடத்தைப் பார்த்து ஒப்புதல் தந்தால்தான் தர முடியும். அவர்கள் எத்தனை நாளுக்குள் வந்து பார்க்க வேண்டும் என்பதற்குக் கெடு இல்லை. ஆய்வாளர் வராமலே இருந்தால்? உரிமம் மறுக்கப்படவில்லை, கிடைக்கவும் இல்லை.

1990 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் இந்தச் சட்டத்தின் உரிமப் பகுதியில் குறை கண்டது. நீதிபதி சாண்ட்ரா டே ஓ’கானர் எழுதியதன்படி, இரண்டு காப்புகள் கட்டாயம்: குறிப்பிட்ட, குறுகிய காலத்துக்குள் முடிவு; மறுத்தால் விரைவில் நீதிமன்றத்தை அணுகும் வழி. குற்றத் தண்டனை பெற்றவருக்கு உரிமம் இல்லை என்ற பிரிவையும் எதிர்த்திருந்தார்கள். அதனால் தாம் பாதிக்கப்பட்டதாக வழக்காடியவர் எவரும் நிறுவாததால் நீதிமன்றம் அதைத் தொடவேயில்லை. விடுதி அறையைப் பத்து மணி நேரத்துக்கும் குறைவாக வாடகைக்கு விடுவதைக் கட்டுப்படுத்தியது மட்டும் சிக்கலின்றித் தப்பியது.

2004-ல் கொலராடோவின் லிட்டில்டன் நகர வழக்கில் மறுப்புக் காரணங்களின் பட்டியலே நகரத்தைக் காப்பாற்றியது. வயது குறைவு, பொய்த் தகவல், கடந்த ஓராண்டில் உரிமம் ரத்தானது, வரியும் கட்டணமும் பாக்கி, ஐந்து ஆண்டுக்குள் குறிப்பிட்ட குற்றங்களில் தண்டனை என்று எல்லாமே ஏட்டைப் புரட்டி ஆம், இல்லை என்று சொல்லிவிடக் கூடியவை. அதிகாரியின் ரசனைக்கு அதில் வேலையில்லை. அதனால் இந்த மறுப்புகளுக்குத் தனி விரைவு நீதிமன்ற ஏற்பாடு வேண்டாம், வழக்கமான வழியே போதும் என்றார் நீதிபதி ஸ்டீபன் பிரையர். மும்பையின் ‘நல்ல குணமும் பின்னணியும்’ இந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது.

ஆனால் ஒரு வேறுபாட்டை மறக்கக் கூடாது. டல்லாஸ் வழக்கு பேச்சுரிமையின் வழியாக நடந்தது. அங்கே புத்தகமும் படமும் நடனமும் வெளிப்பாடு. மும்பை உரிமையாளர்கள் முதன்மையாக ஜெயித்தது தொழில் செய்யும் உரிமையில். பிழைப்பு என்ற வாதம் இந்திய நீதிமன்றத்தில் எடுபட்ட அளவுக்குக் கலை என்ற வாதம் எடுபடவில்லை. டல்லாஸ் தீர்ப்பு கேட்ட கெடு பற்றிய கேள்வி மும்பையில் தத்துவமாக எழவேயில்லை. ஒவ்வொரு முறையும் உரிமையாளர்கள் டெல்லிக்கு ஓடித்தான் அடுத்த உத்தரவை வாங்கினார்கள்.

நாலு பேர், நாலு பேர்

2019-க்குப் பிறகும் நிபந்தனைகள் ஓயவில்லை. நடன பார்கள் மூடிய காலத்தில் பல இடங்கள் ஆர்கெஸ்ட்ரா பார்களாக மாறின. பாடகர்களும் இசைக்கலைஞர்களும் மேடையில், 1960 விதிகளின் கீழ் உரிமம். அந்த உரிமத்தில் ஒரு வரி: மேடையில் எட்டுப் பேர் இருக்கலாம், அதில் நாலு பேர் பெண்கள், நாலு பேர் ஆண்கள். மீறினால் உரிமத்துக்கு ஆபத்து. ஐந்து பாடகிகள் சேர்ந்து ஒரு குழு வைத்திருந்தால், ஒருத்தி வெளியே நிற்க வேண்டும். பாட்டில் ஆபாசம் இருந்ததா, யாராவது சுரண்டப்பட்டார்களா என்ற கேள்வியெல்லாம் இதில் இல்லை. தலையை எண்ணினால் போதும்.

ஹோட்டல் பிரியா என்ற உணவகத்தின் பெயரில் வந்த இந்த வழக்கில் பம்பாய் உயர் நீதிமன்றம் தலையிட மறுத்தது. 2022 பிப்ரவரி 18 அன்று உச்ச நீதிமன்றத்தின் நீதிபதி கே.எம். ஜோசப், நீதிபதி எஸ். ரவீந்திர பட் அமர்வு அந்தக் கணக்கை ரத்து செய்தது. பாரில் பாடும் பெண் இப்படித்தான் இருப்பாள் என்ற பழைய எண்ணத்திலிருந்து பிறந்த நிபந்தனை, பெண்களைக் காப்பதாகச் சொல்லிக்கொண்டு அவர்களின் வேலையையே குறைக்கிறது என்றது. எட்டு என்ற மொத்த எண்ணிக்கையை விட்டுவைத்தது. அந்த எட்டுப் பேரும் பெண்களாக இருக்கலாம், எட்டுப் பேரும் ஆண்களாக இருக்கலாம், எப்படிக் கலந்தும் இருக்கலாம். மேடையில் யார் நிற்பது என்பதை இனி குழுவே முடிவு செய்துகொள்ளும்.